கார் உருண்ட பிறகு

மாமனாரின் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தலையணையைச் செருகிக்கொண்டே மருமகள் கதையைத் தொடர்ந்தாள்.

"பிரஸ்ஸோட ஷட்டரை அவளே தூக்கித் திறந்தா மாமா. உள்ள ஒரே தூசி. மெஷினெல்லாம் துணி போட்டு மூடிக் கெடக்கு."

"கை கட்டோடயா?" அவர் குரல் காற்றும் பேச்சும் பாதிப்பாதியாக வந்தது.

"கட்டைப் பிரிச்சாச்சு."

"சீரியல்ல எலும்பு சீக்கிரம் கூடிடும்" என்றார். சிரிக்கப் பார்த்து, இருமல் வந்துவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையில் இருந்தவரை ஊரார் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள்ளேயே அவருடைய பகல்கள் கழிந்தன. ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகுதான் டிவியின் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் பார்த்த சீரியல் அச்சகம் நடத்தும் ஒரு பெண்ணின் கதை. கதாநாயகியை அவர் 'நம்ம பொண்ணு' என்பார். அவளைப் படாத பாடு படுத்தும் கணவனின் அண்ணனுக்கு எண்ணெய்த்தலையன் என்று பெயர் வைத்திருந்தார். அந்த நடிகன் ஒரு பற்பசை விளம்பரத்தில் வந்து பல்லைக் காட்டிய அன்றே வீட்டில் பற்பசையை மாற்றினார். புதியது வேப்பெண்ணெய் மாதிரி கசக்கிறது என்று புலம்பிக்கொண்டே கடைசிவரை அதில்தான் பல் துலக்கினார். நம்ம பொண்ணு எதையும் பார்க்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனபோது, "படிச்சுப் பாத்துட்டுப் போடுடி" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் சண்டையோ என்று ஓடி வந்தார். வந்தவரும் உட்கார்ந்து முழு எபிசோடையும் பார்த்துவிட்டுத்தான் போனார். செத்துப்போன கணவனுக்கு ஓர் இரட்டைப் பிறவி முளைத்தபோது, "ஒரு வகிட்டை மாத்தி எடுத்துட்டா ரெட்டையாடா? யார் காதுல பூ சுத்துறீங்க?" என்று இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் அந்த இரட்டைப் பிறவிக்காகக் கண்கலங்கினார்.

மருமகளுக்கு அந்த சீரியலில் ஆரம்பத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து, சமைத்தபடி காதால் கேட்பதோடு சரி. அவளுக்கும் அவருடைய மகனுக்கும் ஒத்துவராமல் போய், அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய மாலையிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. திரையில் நம்ம பொண்ணு அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. "கெளம்புடி. எவ்வளவு நாள்தான் தாங்குவ?" என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். பிறகு ரிமோட்டை எடுத்து ஒலியை நன்றாகக் கூட்டினார். அவள் பெட்டியின் சக்கரங்கள் படிகளில் தடதடத்தது அக்கம்பக்கத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் சீரியல் முடிந்ததும் மாமனாரிடமிருந்து போன் வந்தது.

"பாத்தியா இன்னைக்கு?"

எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா, எதுவும் கேட்கவில்லை. எண்ணெய்த்தலையனைத் திட்டினார், வைத்துவிட்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தது. புதிதாக எடுத்த அறையில் அவளுக்கு டிவி கிடையாது. அவருக்குப் பதில் சொல்வதற்காகவே போனில் அந்த சீரியலைப் பார்க்கத் தொடங்கினாள். அப்படியே வருஷங்கள் போயின.

அவருக்கு நுரையீரலில் நோய் என்று தெரிந்து, ஆஸ்பத்திரிக்காரர்கள் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியபோது, அவள் கடை முடிந்ததும் நேராக அந்த வீட்டுக்குப் போனாள். மகன் கதவைத் திறந்தான், ஒதுங்கி வழிவிட்டான். அவர்கள் இருவருக்கும் இடையில் மாத்திரை பற்றிய பேச்சு மட்டும் நடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை எபிசோடின் முடிவில் நம்ம பொண்ணு ஓட்டிவந்த கார் மலைச்சரிவில் உருண்டது. அதுதான் அவர் முன்னறையில் உட்கார்ந்து பார்த்த கடைசி எபிசோடு. அடுத்த இரண்டு நாளில் படுக்கையோடு படுக்கையாகிவிட்டார். "என்னால முடியல. நீ பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் வரும்போது பார்த்தாள். நம்ம பொண்ணு செத்துப்போனாள். அந்த நடிகைக்கு சினிமாவில் வாய்ப்பு வந்துவிட்டதாம், அதனால் கதையை முடித்துவிட்டார்கள் என்று பின்சீட்டில் யாரோ சொன்னார்கள். ஒரு வெள்ளைத் துணி முகத்தை மூடியது, அவ்வளவுதான். நிறுத்தத்திலிருந்து அவள் மெதுவாக நடந்தாள்.

"பொழச்சாளா?" என்றார் அவர், அவள் செருப்பைக் கழற்றுவதற்குள்.

"பொழச்சுட்டா மாமா. கையிலதான் அடி." நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

சொன்னதற்கு அப்புறம் நிறுத்த முடியவில்லை. பகலெல்லாம் லென்ஸைத் தேய்த்தபடி அன்றைய கதையை யோசிப்பாள். அவளுக்குக் கதை கட்டிப் பழக்கமில்லை. சரக்கு தீர்ந்தபோது கடைக்கு வரும் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டாள். காது கேட்காத ஒரு பாட்டுவாத்தியார் வந்தார், எல்லா ஃபிரேமையும் போட்டுப் பார்த்துவிட்டு எதையும் வாங்காத ஒரு போலீஸ்காரர் வந்தார். மாமனார் அவர்களையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அந்த போலீஸ்காரன் நல்லவனா கெட்டவனா? அதை இப்பவே முடிவு பண்ணிக்க" என்றுகூட ஒருநாள் சொன்னார். அவருக்கு நினைவு தடுமாறுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சீரியல் கிடையாது. ஆனால் அவர் கிழமைகளை விட்டுவிட்டிருந்தார். பகலிலேயே வந்தவளிடம் கதை கேட்டார்.

"பிரஸ்ஸைத் தொறந்துட்டா, சரி. வீட்டுக்குத் திரும்பிப் போறாளா?"

வாசற்படியில் மகன் தண்ணீர்க் கூஜாவோடு நின்றிருந்தான். அவள் போர்வையின் மடிப்பை நீவினாள்.

"இல்ல மாமா. போகல."

"ம்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினார். "அந்தப் பையனும் கெட்டவன் இல்ல."

"இல்ல மாமா. கெட்டவர் இல்ல."

மகன் உள்ளே வந்து கூஜாவை மேஜைமேல் வைத்தான். மூடியைச் சரிசெய்தான். பிறகும் சரிசெய்துகொண்டே நின்றான்.

"நல்லாத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் மறுபடி பேசவில்லை. வெயில் சாயும்போது மூச்சின் இடைவெளி கூடியது. இவள் ஒரு பக்கமும் மகன் மறுபக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மூச்சு வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். வண்டி கிளம்பிப் போன பிறகும் காத்திருந்தார்கள்.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தார்கள். பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மா மட்டும் இருந்தாள். கட்டில் வாடகைக்கு எடுத்தது. அதைக் கொண்டுபோக ஆள் வருவதற்குள் படுக்கையை எடுக்க வேண்டும். இரண்டு பெண்களும் துவைத்துக் காய்ந்த விரிப்புகளை மடித்தார்கள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் நர்ஸம்மா. "அந்தப் பொண்ணு செத்துட்டது அவருக்குத் தெரியும்."

மருமகள் கையிலிருந்த முனையை விடவில்லை.

"அந்த எபிசோடு வந்த மறுநாள் காலையில நான் போன்ல பாத்துட்டிருந்தேன். அவரும் எட்டிப் பாத்துட்டாரு. கண்ணைத் தொடச்சு விட்டேன். 'அந்தப் பொண்ணு பொழச்சுட்டான்னு உங்க மருமக சொன்னாங்கன்னீங்களே'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'அவ சொல்றதுதான் சரி. இவனுங்களுக்கு எழுதத் தெரியல'ன்னாரு."

நர்ஸம்மா தன் பக்கத்து முனைகளை இழுத்துச் சுருக்கத்தை எடுத்தாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு. அப்புறம் நானும் அந்த சீரியலை விட்டுட்டேன். காலையில வந்ததும் முந்தின நாள் நீங்க சொன்னதை அவரே எனக்குச் சொல்லுவாரு. மூச்சு முட்டும், போதும்பேன், கேக்க மாட்டாரு. அந்தப் பாட்டுவாத்தியார் வந்தா மட்டும் நடிச்சே காட்டுவாரு." அவள் நிறுத்தினாள். "நேத்து எனக்கு லீவு. என்ன சொன்னீங்க?"

விரிப்பின் நீளத்துக்கு விலகி நின்றவர்கள் நடந்து நெருங்கி முனைகளைச் சேர்த்தார்கள். மறுபடி விலகினார்கள்.

"பிரஸ்ஸைத் தொறந்துட்டா" என்றாள் மருமகள்.

"வேலை வந்துச்சா?"

அதை அவள் இன்னும் யோசித்திருக்கவில்லை. "வந்துச்சு. ஒரு ஸ்கூல்ல இருந்து. கேள்வித்தாள் அடிச்சுக் குடுக்கணும்னு. ஆனா மை காஞ்சு போய், மெஷின் சுத்த மாட்டேங்குது…"

மகன் மூன்று டம்ளர்களில் டீயோடு வந்தான். அவள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து, கட்டிலின் வெறும் இரும்புச் சட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்தான். டம்ளர்களை யாரிடமும் நீட்டவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான்.