சுவரை நனைக்க ஓர் ஆள்

எனக்கு வரவேண்டியது ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது. மூன்று வாரக் கூலி. ஒப்பந்தக்காரர் அதை நிறுத்தி வைத்துவிட்டார். நாங்கள் வார்த்த தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் சுவர் குறுக்கே விரிசல் விட்டிருந்ததுதான் காரணம். என் வீட்டு வாடகையோ இரண்டு மாதம் பாக்கி. வெள்ளிக்கிழமை தாண்டினால் சாமானைத் தெருவில் வைப்பேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

வார்த்த சுவரை ஏழு நாளாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலில் காய்ந்து வெடிக்கும்.

"நனைக்காம விட்டது நீதான்" என்றார் சூப்பர்வைசர்.

"அண்ணே, மறுநாளே என்னைக் கீழே செங்கல் சுமக்க அனுப்பினது நீங்கதானே?"

"கியூப்பை மட்டும் ஒழுங்கா ஊறப்போட்டியே. சுவர் கண்ணுக்குத் தெரியலையா?"

சுவருக்குப் போன அதே கலவையில் கொஞ்சம் எடுத்துச் சின்னச் சதுரக் கட்டிகளாக வார்த்து வைப்போம். அதுதான் கியூப். அவை ஊறிய டிரம் செங்கல் அடுக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. சுவர் மூன்று மாடிக்கு மேலே.

"எல்லாம் பகுப்பாய்வுல தெரிஞ்சிரும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார்.

நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். அந்தச் சொல்லைக் காதால் கேட்டதோடு சரி. மறுநாள் கியூப்களைச் சுமந்துகொண்டு சோதனைக்கூடத்துக்குப் போனபோது கதவுமேல் அதே சொல் எழுதியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் தோள் விட்டுப்போனது.

உள்ளே இருந்த அம்மா ஒரு கியூப்பை இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். படார் என்று நொறுங்கியது.

"அடப்பாவமே, உடைச்சிட்டீங்களேம்மா!"

"உடைக்கத்தானே கொண்டுவந்தீங்க?" என்று சிரித்தார். "நல்ல பலம். கலவையில ஒரு குறையும் இல்லை."

நான் கலந்த கலவை. துள்ளிக்கொண்டு வந்து சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"கலவை நல்லதுன்னா, நனைக்காததுதான் குறை. வசமா மாட்டினே போ."

நல்ல செய்தியே என் கழுத்தைப் பிடித்தது. இது என்ன நியாயம் என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தகரக் கொட்டகையில் இன்ஜினியர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் எங்கள் சுவர், மேலெல்லாம் கலர் கலராகக் கோடு. அவர் எதையும் உடைக்கவில்லை.

"இதுவும் பகுப்பாய்வுதானா சார்?"

"ஆமாப்பா. சுவர் தாங்குற பாரத்தைப் பிரிச்சுப் பார்க்கிறேன். என் கணக்குப்படி இதுல விரிசலே வராது."

"வந்திருக்கே சார்."

"அதான் எனக்கும் புரியலை."

துணைக்கு ஒருத்தர் கிடைத்தார் என்று கொஞ்சம் ஆறுதல்.

வீட்டில் மகள் பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்றை வரிவரியாக வெட்டிக்கொண்டிருந்தாள். "பாட்டைப் பகுப்பாய்வு செய்யணும்பா. பிரிச்சாதான் பொருள் தெரியுமாம்."

"பிரிச்சதை மறுபடி சேர்க்கத் தெரியுமான்னு கேளுடி" என்றாள் என் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கணக்கு அறைக்குப் போய் நின்றேன். கணக்கர் மேஜையில் ஒரு தாள் கிடந்தது. தலைப்பில் விலைப் பகுப்பாய்வு. இங்கேயுமா!

"சுவரை எதால சார் உடைப்பீங்க?"

"காகிதத்துலதான். ஒரு கன மீட்டர் சுவருக்கு எது எதுக்கு எவ்வளவு ஆகும்னு பிரிச்சுப் போட்டு, அதை வெச்சுத்தான் நம்ம முதலாளி இந்த வேலையையே பிடிச்சார்."

விரலை வைத்துப் படித்தேன். சிமெண்ட். மணல். ஜல்லி. கம்பி. பலகை. கொத்தனார். கலவை ஆள். கடைசி வரியில் விரல் நின்றது. நனைக்க ஆள், அதற்கு நேரே ஒரு சுழியம்.

"சார், இது என்ன முட்டை?"

"விலையைக் குறைச்சுக் காட்டணுமில்ல? அந்த ஆளை எடுத்துடுன்னு முதலாளியே சொன்னார்."

"அப்போ அந்த இடத்துல ஆளே கிடையாது. இல்லாத ஆள் எப்படி சார் நனைக்காம விட்டிருப்பான்?"

கணக்கர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தாளை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒப்பந்தக்காரரின் குரல் கேட்டது: "கைநாட்டுன்னு சொன்னே, இவன் எப்படிய்யா படிச்சான்? முதல்ல பணத்தைக் கொடுத்து அனுப்பு!"

திரும்பி வந்த கணக்கர் எண்ணிக் கொடுத்தார். நானும் எண்ணினேன். ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது, முழுசாக.

"சார், அப்போ சுவர் ஏன் விரிஞ்சுது?"

"அது இன்னும் பகுப்பாய்வுல இருக்கு" என்றார், தலை நிமிராமல். ரப்பரால் அந்தச் சுழியத்தை அழித்து அங்கே ஒன்று என்று எழுதிக்கொண்டிருந்தார்.

காலையில் அந்தத் தாளில் நனைக்க ஆளே இல்லை; இப்போது ஓர் ஆள் இருக்கிறான், அது நான்தான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கேட்க வாயெடுத்தேன். அவர் கூலிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பணம் சட்டைப்பைக்குள் இருந்தது, கேள்வியைக் கீழே போட்டுவிட்டேன். கைநாட்டு வைக்கும் மை டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, பேனா வாங்கி என் பெயரை எழுதினேன். கடைசி எழுத்துக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை. கணக்கர் ஸ்கேல் வைத்து என் பாக்கியின் மேல் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தார்.