காற்று அறுத்த கம்பி

வலது கட்டைவிரலின் அடியில் தொடங்கிய வலி முழங்கை வரை ஏறி நின்றது. நாள் முழுக்க பம்ப்செட் மோட்டாருக்குள் செம்புக் கம்பியை அழுத்தித் திணிக்கிற கை அது. அன்புச்செல்வி வெந்நீரில் பிழிந்த துணியை அதில் சுற்றிக்கொண்டு, இடது கையால் மகனின் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். பிளஸ் டூவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அதன் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு ரேடியோ செருகியிருந்தது. குமிழ் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. எல்லா வேலையையும் லேப்டாப்பில் போடுகிற சாஃப்ட்வேர்தான் செய்ய வேண்டும். அதில் கேட்கலாம், பேச முடியாது.

அதை வீட்டில் விட்டுப்போன மகன் தமிழ்வேந்தன் உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறான். போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பெரியநாயக்கன்பாளையத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லைன் வீட்டின் கூரைக்கு மேலே அவன் இருபது மீட்டர் செம்புக் கம்பியை ஏரியலாக இழுத்துக் கட்டியிருந்தான். இடி விழும், கம்பியை எடு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு என்று வீட்டுக்காரர் மருதாசலம் வந்து நின்றார். அன்புச்செல்வி அவரிடம் ஒரு நாள் கூடத் தவணை கேட்கவில்லை. மகன் வேலைக்குப் போயிருந்தபோது கட்டிங் பிளேயரால் வெட்டி, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டாள். சாயங்காலம் வந்தவனிடம், காற்றில் அறுந்துவிட்டது என்றாள்.

அவன் கொக்கியில் தொங்கிய மிச்சக் கம்பியின் நுனியைப் பிடித்துப் பார்த்தான். தானாக அறுகிற கம்பி இழுபட்டு மெலிந்து அறும். பிளேயர் வெட்டினால் நுனி தட்டையாக இருக்கும். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்கிறவள் வளர்த்த பையனுக்கு அது தெரியாமல் இல்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அடுத்த மாதம் போய்விட்டான். போன் செய்தால் எடுப்பான். இரண்டு வார்த்தை பேசி வைத்துவிடுவான்.

வீட்டில் சும்மா கிடக்கிறதே, யாருக்காவது ஆகுமா என்று கேட்கத்தான் அவள் ரேடியோ வந்த அட்டைப் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். கோயமுத்தூரில் எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கும் முகமது ரியாஸ் எடுத்தான். வாங்கியவர் பேரைக் கேட்டதும் குரல் மாறியது.

"வேந்தன் அம்மாவுங்களா? தெனமும் காலைல ஒம்பது மணிக்கு எங்க ஹாம் ரேடியோ குரூப்ல பேசறானுங்களே. லைசென்ஸ் வாங்கி சொந்தமா பேசற செட்டு வெச்சிருக்கான். அவன் கால் மணி நேரம் உடாமப் பேசுவானுங்க."

கால் மணி நேரம். அவளிடம் ஒரு நிமிடம் பேசாதவன். விற்கிற பேச்சை அவள் அதோடு விட்டாள். இந்த ரேடியோவில் அவன் பேசுவதைக் கேட்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

பெட்டியில் விலாசம் போட்டிருந்த இணைய உதவிப் பக்கம் முழுக்க ஆங்கிலம். ரியாஸ்தான் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னான். சாஃப்ட்வேர் இறங்கியது. லேப்டாப் அந்த ரேடியோவை டிவி கருவி என்று நினைத்துக்கொள்ளும், அதை இயக்குகிற டிரைவர் நிரலை மாற்றிப் போட வேண்டும் என்றான். பட்டியலில் நாலைந்து கருவிகளின் பெயர் இருந்தது. அவள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழுத்தினாள். மவுஸ் செத்துப்போனது.

"ரேடியோவுக்கு மாத்தச் சொன்னா மவுஸுக்கு மாத்திப்போட்டீங்களேக்கா. இனி மவுஸைக் காதுல வெச்சுத்தான் கேக்கோணும்."

"மோட்டார்னா பிரிச்சுப் பாத்துருவேன் தம்பி. இதுல எதைப் பிரிக்கறது?"

அவன் எதையோ மென்றுகொண்டே சிரித்தான். பிறகு மவுஸ் இல்லாமல், கீபோர்டில் எந்தக் கட்டையை எத்தனை தடவை தட்ட வேண்டும் என்று சொல்லிச் சொல்லிச் சரி செய்ய வைத்தான். இரண்டு நாள் ஆனது.

ஏரியலுக்கு, பட்டறையில் கழித்துப்போட்ட வைண்டிங் கம்பியைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தாள். நுனியில் வார்னிஷைச் சுரண்டச் சொல்ல வாயெடுத்த ரியாஸிடம், அது எனக்குத் தெரியும் என்றாள். மருதாசலத்தின் கண்ணில் படாமல், வீட்டுக்குள்ளேயே ஓட்டுக்கு அடியில் நாலு சுற்று இழுத்துக் கட்டினாள்.

அப்புறமும் பேச்சு வரவில்லை. தகரத்தில் மணலைக் கொட்டுகிற இரைச்சல்தான் வந்தது. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று ரியாஸ் விசாரித்தான். இந்தப் பக்கம் கிரைண்டிங் பட்டறை, அந்தப் பக்கம் லேத்து, பின்னால் மோட்டார் சோதிக்கிற ஷெட்.

"நீங்க சுத்தற மோட்டாரேதான் உங்களக் கேக்க உடாம அடிக்குதுங்க்கா. அதெல்லாம் நின்னாத்தான் கேக்கும்."

அதெல்லாம் நிற்கிற நாள் ஒன்று உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் புதன்கிழமை ஒன்பது முதல் ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தது. பட்டறைக்கும் அன்று லீவு. லேப்டாப் பேட்டரி பதினெட்டு நிமிடம் தாங்கும். இரண்டு தடவை ஓடவிட்டுக் கணக்குப் பார்த்திருந்தாள்.

புதன்கிழமை ஒன்பதுக்குக் கரண்ட் போனது. கிரைண்டிங் சத்தம் இறங்கி நின்றது. இரைச்சல் வடிந்து, அதற்குள்ளிருந்து ஆட்கள் பேசுவது கேட்டது. சுந்தரராஜுலு என்ற பெரியவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இரண்டாவதாகத் தமிழ்வேந்தன் வந்தான். வெயிலைச் சொன்னான், காற்றாலை ஏறி முட்டி வலிப்பதைச் சொன்னான், மெஸ் சாம்பாரைக் கிண்டல் செய்தான். அவள் துணி சுற்றிய கையை மடியில் வைத்தபடி அசையாமல் இருந்தாள். முட்டி வலிப்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

"பெரியநாயக்கன்பாளையத்துல நல்ல கம்பி ஒண்ணு கட்டிருந்தியே கண்ணு, அது இருக்குதா?" என்று பெரியவர் கேட்டார்.

"இல்லீங் சார். காத்துல அறுந்துபோச்சுங்க."

"அத்தாந்தண்டிக் கம்பிய எந்தக் காத்துப்பா அறுத்துது?"

"ஆடிக் காத்துங் சார்."

அவள் வெட்டியது மாசியில். அன்று ஓர் இலை ஆடவில்லை. அவள் சொன்ன பொய்யில் இருந்த ஓட்டையை அவன் ஊர் கேட்க அடைத்துக்கொண்டிருந்தான்.

"இல்ல கண்ணு," என்றாள் லேப்டாப்பைப் பார்த்து. அதில் கேட்க மட்டும்தான் முடியும், அவள் சொன்னது அவனுக்குப் போகாது. பேச்சு அடுத்த ஆளுக்குப் போனது. பேட்டரி தீர்ந்து திரை கறுத்தது.

ரியாஸ் உடனே போன் செய்தான். கேட்டதா என்றான். கேட்டது என்றாள். நாளைக்கு அவனிடம், உங்க அம்மா கேட்டாங்க என்று சொல்லட்டுமா என்றான்.

"வேண்டாந் தம்பி. நாந்தான் சொல்லோணும்."

பத்து மணிக்கு மகனைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுங்ம்மா."

பட்டறைகள் எதுவும் ஓடாததால் அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"சாப்புட்டியா கண்ணு?"

"ஆச்சுங்ம்மா. வேலைல இருக்கேன்."

வைத்துவிட்டான். கரண்ட் வர இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. காற்று அறுக்கவில்லை, நான்தான் வெட்டினேன் என்ற சொல்லை அவள் அவனுக்கு இன்னும் தர வேண்டியிருந்தது.