நடுவிலே ஒரு மூச்சு

வில்லுப்பாட்டில் குடம் அடிக்கும் இருளாண்டியின் கை கையே அல்ல, மெயில் வண்டி. சாத்தூரிலும் நிற்காது, கோவில்பட்டியிலும் நிற்காது. பகலெல்லாம் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுகிறவன். உருட்டின எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்த அவசரம் குடத்திலும் ஏறிக்கொண்டது. போன அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் இவன் அடித்த அடியில் அம்மன் பிறந்து, வளர்ந்து, அசுரனையும் கொன்று முடித்துவிட்டாள். பொங்கல் பானையில் இன்னும் அரிசியே போடவில்லை.

பாட்டுக்காரர் கோட்டைச்சாமிக்குக் கண் பிதுங்கிவிட்டது.

"ஏலே, என்னைய மூச்சு விட விடுவியா மாட்டியா? பங்குனிப் பொங்கலுக்கும் இப்பிடி ஓட்டுனேன்னு வையி, குடம் உன் எடத்துக்குக் காத்துக் கெடக்கிற சங்கிலிமுத்துக்குத்தான். நீ குளாயே உருட்டு!"

இருளாண்டிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து படி சோறுதான் இறங்கியது.

மனைவி மாரித்தாய் அதே கம்பெனியில் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிறவள்.

"எனக்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. நான் ஓடுறேனா? ஒரு குளாய முடிச்சு, ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்ததத் தொடுவேன். அவசரப்பட்டா நானும் இருக்க மாட்டேன், கொட்டகையும் இருக்காது. நீக அடிய மட்டும் எண்ணுறீக. நடுவுல இருக்கிற மூச்ச யாரு எண்ணுறது?"

"அதையும் எண்ணணுமாக்கும்?"

"முதல்ல அதத்தான் எண்ணணும்."

மறுநாள் விடிந்ததும் அவள் அம்மியில் அரைக்க, அந்தத் தாளத்துக்கு அவன் தண்ணீர்க் குடத்தில் தட்டினான். அவன் முந்தும்போதெல்லாம் அவள் "செத்தோம்!" என்றாள். முதல் நாள் இருவரும் முந்நூறு தடவை செத்தார்கள். பக்கத்து வீட்டு வள்ளித்தாய் எழவு விசாரிக்கவே வந்துவிட்டாள். ஒரு மாதத்தில் சாவு இரண்டாகக் குறைந்தது.

பங்குனிப் பொங்கல், மத்தியானக் கொடை. சங்கிலிமுத்து வெள்ளை வேட்டி கட்டி முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தான். அம்மன் அசுரனைத் துரத்துகிற இடத்தில் யாரோ நேர்ச்சைக்குச் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். படபடபடவென்று ஊரே அதிர்ந்தது. இருளாண்டியின் கை அதன் பின்னால் ஓடக் கிளம்பியது. ஒரு அடி முந்தியும் விட்டது.

"செத்தோம்" என்று தனக்குள்ளே சொல்லி, ஒரு மூச்சு விட்டான். குடம் நிதானத்துக்கு வந்தது. சரவெடி தன்பாட்டுக்கு வெடித்து ஓய்ந்தது. கிடைத்த இடைவெளியில் கோட்டைச்சாமி இவனோடு பாடிய பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கலர் சோடாவைக் குடித்து, ஏப்பமும் விட்டு, தாளம் தவறாமல் பாட்டின் அடுத்த அடியை எடுத்தார்.

பாட்டு முடிந்ததும் அவர் சங்கிலிமுத்துவின் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏலே இருளாண்டி, குடத்தப் பத்திரமாக் கட்டி வையி. வெள்ளிக்கிளமை ஆலங்குளத்துல பாட்டு."

இருளாண்டி கூட்டத்தில் மாரித்தாயைத் தேடினான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒற்றை விரலைக் காட்டினாள். ஒரே ஒரு சாவு.