தேதி சொல்லாத முப்பது பதிவுகள்

பதினேழாவது பதிவு முடிந்ததும் ஸ்டூடியோக் கண்ணாடிக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பிளாஸ்க்கிலிருந்து ஒரு மிடறு வெந்நீர் குடித்தாள். முள்ளை விழுங்கியது மாதிரி இருந்தது. தொண்டையில் கட்டி, ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதுவரை பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இவளோ ஒரு மாதப் பேச்சை மூன்றே நாளில் பேசித் தீர்க்க உட்கார்ந்திருந்தாள்.

வேறு வழி? பதினெட்டு வருடமாக வானொலியில் காலை பத்து மணி நிகழ்ச்சி அவளுடையது. நேயர்களுக்கு அவள் 'பத்து மணி அக்கா'. நிலையத்துப் பதிவேட்டில் மட்டும் தற்காலிக அறிவிப்பாளர். மைக் முன்னால் உட்கார்ந்த நாளுக்குத்தான் சம்பளம். உட்காராத நாளில் அவள் யாரோ. தற்காலிகமாகவே தலை பாதி நரைத்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றபோது, கட்டியைவிட அந்த ஒரு மாதத்துக்குத்தான் அவள் பயந்தாள். அதற்குள் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால்?

நிகழ்ச்சி அதிகாரிதான் யோசனை சொன்னார். "முப்பது நாளைக்குப் பதிவு பண்ணிக் குடுத்துட்டுப் போங்கம்மா. உங்க இடத்துல வேற யாரையும் உட்கார வைக்க மாட்டேன். திரும்பி வந்ததும் பழையபடி நீங்கதான்."

காலில் விழாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஒலிப்பதிவாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கும் மனிதர், அளந்துதான் பேசுவார்.

"ஏம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இனிமே எடுக்கிற ஒவ்வொண்ணுலயும் தேதியச் சொல்லிடு."

"பதிவுல தேதியா? என்னண்ணே, நேத்து வேலைக்கு வந்தவகிட்ட பேசுற மாதிரி பேசுறீங்க!"

பதிவில் தேதி, கிழமை, வெயில், மழை எதுவும் வரக் கூடாது. எந்த நாளில் போட்டாலும் அன்றைக்குத்தான் பேசியது போல இருக்க வேண்டும். வேலைக்கு வந்த முதல் வாரத்தில் படித்த பாடம் அது. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் சறுக்கியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"எந்த நாள்ல போட்டாலும் பொருந்தும்ல? அதுக்குத்தான் சொல்றேன்" என்றார் அவர்.

அவளுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. இன்னும் பதிமூன்று பாக்கி. விளக்கு எரிந்தது. முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்; சிரிக்காமல் பேசினால் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

"வணக்கம்! கைவேலையை விட வேணாம், காதை மட்டும் குடுங்க. இதோ, நானும் வந்துட்டேன்."

பத்தொன்பதாவது பதிவில், அதே வணக்கத்தின் நடுவில், குரல் பிசிறி உடைந்தது. திரும்ப எடுக்கலாமா என்று அவர் கையால் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். தொண்டை தாங்காது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். பஸ் டிப்போவில் மெக்கானிக்கான கணவருக்கு அந்த மாதம் மதிய ஷிப்ட். தினமும் பத்து மணிக்கு ரேடியோவைப் போட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்.

"இங்க வாயத் திறக்க மாட்டேங்குற. அங்க என்னடான்னா மூச்சு விடாம பேசுற. எது நெசம்?"

சத்தமில்லாமல் சிரிப்பாள். மனம் நிறைந்துதான் இருந்தது. தையல் கடையிலிருந்தும் மருத்துவமனைக் கட்டிலிலிருந்தும் கடிதம் எழுதுகிறவர்கள் இப்போதும் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்கள். 'நாள் பூராவும் என்னோடு பேசுவது நீங்கள் ஒருத்தர்தான்' என்று யாரோ எழுதிய கடிதத்தை பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்.

முப்பத்தோராம் நாள் பத்து மணிக்கு ரேடியோவில் முதல் பதிவே திரும்ப வந்தது.

"முப்பதோட முடிஞ்சுதுன்னு சொன்னியே?" என்றார் கணவர்.

'நான் இன்னும் போகலையே, அதான் போட்டிருக்காங்க' என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். எழுதியதைத் தானே இன்னொரு தடவை படித்துக்கொண்டாள்.

டாக்டர் பேசலாம் என்று சொல்ல இன்னும் இரண்டரை வாரம் ஆனது. குரல் திரும்பியிருந்தது, ஆனால் மரத்தில் அரம் தேய்க்கிற மாதிரி. போகப் போகச் சரியாகும் என்றார். மறுநாளே கிளம்பிவிட்டாள்.

நிலைய வாசலில் புதுக் காவலாளி. கூண்டுக்குள் மேசை, தொலைபேசி, சின்ன ரேடியோ. அவளுடைய பாஸைத் திருப்பிப் பார்த்தார்.

"இது போன மாசமே முடிஞ்சுடுச்சேம்மா."

"அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை பேசுறேங்க."

எண்ணைச் சுழற்றி ரிசீவரை நீட்டினார். அந்தப் பக்கம் அதிகாரியின் குரலில் அன்புக்குக் குறைவில்லை.

"குரல் இன்னும் தேறலியேம்மா. உடம்பப் பாத்துக்குங்க."

"இப்பவே வேலை செய்ய முடியும் சார். எப்ப வரட்டும்?"

"என்ன அவசரம்? முப்பதும் அருமையா ஓடிட்டிருக்கு. திருப்பிப் போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியல. தேதி, கிழமை ஒண்ணு இல்ல பாருங்க! அனுபவம்னா அது உங்க அனுபவம்தான். தேவைப்பட்டா நானே கூப்பிடுறேன்."

வைத்துவிட்டார். ரிசீவரைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாமல் அவள் அப்படியே நின்றாள். காவலாளியே வாங்கி வைத்தார்.

மணி பத்து. ரேடியோவில் நிகழ்ச்சியின் இசை வந்தது.

"வணக்கம்! கைவேலையை விட வேணாம், காதை மட்டும்..." குரல் பிசிறி உடைந்தது. பத்தொன்பதாவது.

"அது நான்தாங்க" என்றாள்.

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் குரல வச்சுக்கிட்டா?" என்று சிரித்தார். பிறகு, மனம் நோகப் பேசிவிட்டோமோ என்று நினைத்தவர் போலக் கொஞ்சம் இறங்கி வந்தார். "கேளுங்க, எப்படித் தொண்டை கட்டியிருக்கு. பாவம், ஒரு நாள் லீவு போடாம வந்துடுது அந்தம்மா."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கிவிட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

"இதோ, நானும் வந்துட்டேன்."