கட்டைக்குக் கீழே நிழல்

"இதைப் போட்டா படகு நகராதுங்க."

"நகரணும்னு யாரு சொன்னா?"

கேட்டுவிட்டு அவர் பெட்டியைப் பிரிப்பதைத் தொடர்ந்தார். சோபாவை ஓரம் தள்ளி, வெள்ளைத் துணியைக் கூடம் முழுக்க விரித்தார். ஓரங்களில் பித்தளை வளையங்கள். பெட்டியின் மேல் ஒரு படம்: கரையில் கட்டிய பாய்மரப் படகு, சுருட்டிய பாய், அதன்மேல் கூரை போல இந்தத் துணி, கீழே கோப்பையும் கையுமாகச் சிரிக்கும் ஒரு ஜோடி. பாயை விரித்தால் இந்தக் கூரைக்கு இடமே இல்லை. அது என் கணவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வாங்கியிருந்தார்.

"ஜில்லுனு காத்து வரும். உக்காந்து படி. நான் பிளாஸ்க்ல டீ போட்டுக் கொண்டு வரேன்."

"உக்காந்து படிக்க நம்ம மொட்டை மாடி போதாதா?"

"மாடியில தண்ணி இல்லையே."

"ஏன், தொட்டி இருக்கே."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு மாதமாக எனக்கு எதற்கும் சிரிப்பு வரவில்லை. மூட்டு வலி என்று போன இடத்தில், வலி ரத்தத்தில் இருக்கிறது என்றார்கள். அதற்கான மாத்திரையோ வெயிலைப் பகையாக்கிவிட்டது. பத்து நிமிடம் முகத்தில் பட்டால் கன்னம் தீய்ந்ததுபோல் சிவந்து கொப்புளம் கட்டும். "வெயில் படவே கூடாது" என்று டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இவரைப் பார்த்துச் சொன்னார். இவரும் ஏதோ பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர்போலத் தலையாட்டினார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

அந்தப் படகு என்னுடையது. ஒன்பது வருடத்துக்கு முன் ஏரிக்கரையில் கவிழ்த்துப் போட்டிருந்ததை வாங்கி, ஓட்டையை நானே அடைத்து, நானே வண்ணம் பூசினேன். மூன்று பேர் உட்காரலாம். ஆனால் அவர் ஏறுவது கரையில் கட்டியிருக்கும்போது மட்டும். நீச்சல் தெரியாது. நான் போய்த் திரும்பும்வரை படகுத்துறைப் பலகையில் நின்றுகொண்டிருப்பார். காலையிலும் மாலையிலும் போகலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எங்கள் ஏரியில் காற்று பத்து மணிக்கு எழுந்து நாலு மணிக்குப் படுத்துவிடும். காற்று வரும்போது வெயிலும் வரும். அதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

மறுநாள் தார்ப்பாய் அண்ணனிடம் போனேன். லாரிக்குத் தார்ப்பாய், ஆட்டோவுக்குக் கூரை, எல்லாம் தைப்பவர். எனக்கு என்ன வேண்டும் என்று தாளில் வரைந்து காட்டினேன். பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் நீளக் கட்டை ஒன்று உண்டு. படகைத் திருப்பும்போது அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசிக்கொண்டு போகும். அதற்குக் கீழே, என் தலைக்கு மேலே, வில்லாக வளைத்த இரண்டு எஃகுக் குழாய்கள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய துணி. கட்டை துணிமேல் உரசாமல் போகவேண்டும். அப்படி அமைந்தால் நிழலும் இருக்கும், படகும் போகும்.

"வெள்ளை போட்டுரலாமாம்மா? சூடு ஏறாது."

"துண்டு துண்டா குடுங்கண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்."

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கூலிங்கிளாஸ் அசலா போலியா என்று பார்க்க அங்கே ஒரு சின்னக் கருவி உண்டு, வெயில் கதிர் எவ்வளவு ஊடுருவுகிறது என்று அதன் முள் காட்டும். மதிய இடைவேளையில் அண்ணன் கொடுத்த ஏழு துண்டுகளையும் அதன் அடியில் வைத்தேன். வெள்ளைத் துணி வடிகட்டி மாதிரி இருந்தது, பாதி வெளிச்சம் உள்ளே வந்தது. பச்சை பரவாயில்லை. கெட்டியான கருநீலத்துக்கு முள் அசையவே இல்லை. பூஜ்யம். அந்தத் துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க வேலை பார்த்தேன். தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அளவு எடுக்க ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்கியபின் போனோம். அளப்பது என் தொழில். இரண்டு கருவிழிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டர் பிசகாமல் எழுதுகிறவள். பலகையில் மண்டியிட்டு, இருக்கை விளிம்பிலிருந்து கட்டையின் அடிப்பக்கம்வரை டேப்பைப் பிடித்தேன். அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தார், ஒரு கை கட்டையில். படகு ஆடுகிறது, பிடிமானத்துக்குப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். நூற்றுப் பதினெட்டு. மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்.

பன்னிரண்டு நாளில் அண்ணன் எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நான் முழுக்கைச் சட்டையும், காதை மூடிய துணியும், அகலத் தொப்பியுமாகத் துறையின் தகரக் கூரைக்குள் நின்றிருந்தேன். "கொள்ளைக்குப் போற மாதிரி இருக்கம்மா" என்றார். இருக்கை விளிம்பில் துளை போடும்போது என் வயிற்றில் போடுவதுபோல் இருந்தது. ஒன்பது வருடமாக நான் துளைகளை அடைத்துத்தான் பழக்கம். எட்டுத் திருகாணிகளை முடுக்கி, துணியை இழுத்துக் கட்டியதும் படகுக்குள் ஓர் இருட்டுத் துண்டு விழுந்தது. தகரக் கூரைக்கடியிலிருந்து ஓடிப்போய் அதற்குள் உட்கார்ந்தேன். தொப்பியைக் கழற்றினேன். நாலு மாதத்துக்குப் பிறகு பகல் பன்னிரண்டு மணிக்கு, திறந்த இடத்தில், வெறும் தலையோடு.

"பாயை ஏத்துங்கண்ணே."

ஏற்றினார். கட்டையின் கயிற்றை உள்ளே இழுத்தேன். கட்டை இறங்கி வந்து, கடை மேசைமேல் முழங்கையை ஊன்றுகிற ஆள் மாதிரி, நீலத் துணிமேல் உட்கார்ந்துகொண்டது. காற்று அதை ஒரு பக்கம் தள்ளியது. குழாய் கிரீச்சென்றது. கட்டை நகரவில்லை. கட்டை திரும்பாவிட்டால் படகு திரும்பாது.

"நீ குடுத்த அளவுதாம்மா," என்றார் அண்ணன். குற்றமாகச் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பரவால்ல, விடு" என்று என் கணவர் உள்ளே இறங்கினார். குரலில் ஒரு நிம்மதி. எனக்கு அது கேட்டது. "டென்ஷன் ஆகாத. இதைக் கழட்டிட்டு அந்த வெள்ளைத் துணியவே..." சொல்லிக்கொண்டே, அண்ணன் குனிந்து பின்பக்கம் வர வழிவிட்டு, உள்ளங்கையைக் கொடுத்துக் கட்டையை மேலே தூக்கிப் பிடித்தார். "பாத்துண்ணே, தலை."

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கதவையும் கடைசி ஆள் வரும்வரை பிடித்துக்கொண்டு நிற்பார். படகில் யார் ஏறினாலும் கட்டையைத் தூக்கிப் பிடிப்பார். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். தண்ணீர் பாத்திரத்தில் விழுவதைப் பார்க்கிற மாதிரி, பார்க்காமலே பார்த்திருக்கிறேன்.

"அன்னைக்கும் பிடிச்சிருந்த."

"எதை?"

"கட்டைய. நான் அளக்கும்போது தூக்கிப் பிடிச்சிருந்த. மூணு தடவையும்."

கல்யாணமான பதினாறு வருடத்தில் முதல்முறையாக என் பேச்சிலிருந்து 'ங்க' உதிர்ந்துவிட்டது. அண்ணன் சட்டென்று திரும்பித் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்.

"தலையில இடிச்சிருமேன்னுதான்..."

"இடிக்கட்டும்! என் தலை. ஒன்பது வருஷமா எத்தனை தடவை இடிச்சிருக்கு தெரியுமா? வீங்கும், ரெண்டு நாள்ல வடியும். நீ பிடிச்ச பிடியில நான் நடுத்தெருவுல நிக்கறேன். டாக்டர் உன்கிட்ட சொல்றார், நீ தலையாட்டற. துணி வாங்கற, என்னைக் கேக்கறியா? எல்லாரும் சேந்து என்னைக் கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டறீங்க. வேணும்னுதானே பண்ண?"

"சத்தியமா இல்லடி." அவர் கை இன்னும் கட்டையில்தான் இருந்தது. "எனக்கே தெரியல, பிடிச்சிருந்தேன்னு."

பொய் சொல்கிறார் என்றால் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது உண்மை. வேண்டுமென்று செய்தவனை அடிக்கலாம். தெரியாமல் கை தானாகப் போகிறவனை என்ன செய்வது?

"ரம்பம் இருக்காண்ணே?"

குழாய்களைக் கழற்றி, தகரக் கூரைக்கடியில் போட்டு அறுத்தோம். கட்டை காற்றில் நிற்கும் இடத்தில் வைத்து அண்ணன் மறுபடி அளந்தார். அப்போது என் கணவரைக் கரையிலேயே நிற்கச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நூற்று நான்கு. குழாயின் நான்கு கால்களிலும் பதினான்கு சென்டிமீட்டர் போகவேண்டும். முதல் காலை நான் அறுத்தேன். விரல் மூட்டுகள் எரிந்தன. குழாய் உருண்டது. என் கணவர் வந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் குழாயை அழுத்திப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மூச்சில்லை. இரும்புப் பொடி அவர் மணிக்கட்டு முடியில் படிந்தது. நாலாவது கால் முடியும்வரை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

புது உயரத்தில் இருக்கையில் உட்கார முடியவில்லை, தலை முட்டியது. தரைப் பலகையில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தேன். பாயின் மேல்பாதி தெரியாது, கயிற்றின் இழுப்பை வைத்துத்தான் ஊகிக்கவேண்டும். வெயிலின் விளிம்பு என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, பலகையில் ஊர்ந்துகொண்டிருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அண்ணன் பாயை ஏற்றிவிட்டுக் கரையேறினார். கட்டை இடமிருந்து வலம் போனது. வலமிருந்து இடம் வந்தது. நடுவில் நாலு விரல் இடைவெளி. துணி லேசாக மட்டும் படபடத்தது.

மணி இரண்டு. காற்று முழுசாக எழுந்திருந்தது. அவர் துறைப் பலகையில், படகின் முன்கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார். எப்போதும் அப்படித்தான் நிற்பார்.

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"தெரியாது."

"வெயில் சாஞ்சா நிழலும் சாயும். அப்போ?"

"நானும் சாஞ்சுக்கறேன். கயித்த விடு."

பாய் உப்பியது. படகு முன்னே ஓரடி போய், நின்று, நடுங்கியது. எனக்கும் அவருக்கும் நடுவே கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து நேராகி, பிழிந்ததுபோல் சொட்டுச் சொட்டாக உதிர்த்தது. அவருடைய விரல்களின் நுனி வெளுத்திருந்தது. மணிக்கட்டில் இரும்புப் பொடி இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. சுக்கானை இறுக்கிப் பிடித்தேன்.

"விடுங்க."