செவலைக்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்கவில்லை. மாடிப்படியில் கிடைத்தது. மூன்றாவது படியில் உட்கார்ந்து பின்னங்காலால் காதைப் பரட்டுப் பரட்டென்று சொறிந்துகொண்டிருந்தது. இதை நான் ஏன் எழுத வேண்டியதாயிற்று என்பது தனி விஷயம். அதைச் சொல்லாமலே தப்பிக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

ஆரம்ப வரிக்கே நாலு தாள் வீணாய்ப் போனது.

"திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில்..." (கோட்டையை விடு. கதை நாயைப் பற்றியது.)

"தோல் என்பது உடம்பு தனக்குத்தானே எழுதும்..." (இதை எழுதின கையை ஒடிக்க வேண்டும்.)

"அன்புக்கரசி நாயின் முதுகிலிருந்து ஒரு முடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்."

ஆங். இது தேறும். இப்படியே போவோம்.

அன்புக்கரசி வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். பன்னிரண்டு வருஷமாகக் குவாலிட்டி செக்கிங். இழையைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் போதும், எம்புட்டு இழுப்புத் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். நாயின் முடியையும் அப்படித்தான் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தாள். பட்டென்று அறுந்தது.

"ஏலே செவல, ஒன் நூலு கோன்ல சுத்தத் தாங்காது போலயே" என்றாள்.

சிரிக்கத்தான் சொன்னாள். ஆனால் சிரிப்பு வரவில்லை. செவலைக்கு முதுகில் பாதியும் வயிறு பூராவும் முடி கொட்டி, தோல் கருத்துத் தடித்து, காது இரண்டும் புண்ணாகிக் கிடந்தன. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அவள் கிளம்பினால் மில் பஸ் நிற்கும் முக்குவரை கூடவே வரும் நாய். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.*

* அவள் கணவரை இந்தக் கதையில் சேர்க்கவில்லை. லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருப்பார். நல்ல மனுஷன். வந்தால் அவருக்கும் வசனம் எழுத வேண்டும்.

நாகல் நகர்ப் பக்கம் அவள் குடியிருக்கும் காம்பவுண்டின் சொந்தக்காரர் மலைச்சாமி. வாழைத்தார் வியாபாரம். சித்திரை முதல் நாள் வாசலில் நின்று சொல்லிவிட்டார்:

"இந்தா பாரும்மா. பிள்ளைக வெளயாடுற எடம் இது. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம என் வண்டி தார் ஏத்த சிறுமலைக்கு வெறுமனேதான் போகுது. ஆனி பொறக்கறதுக்குள்ள இதுக்கு முடி மொளைக்கணும். இல்லேன்னா ஏத்திட்டுப் போயி மேல விட்டுட்டு வந்துருவேன்."

மேலே கொண்டுபோய் விட்ட நாய்களை அன்புக்கரசி பார்த்திருக்கிறாள். மலைரோட்டு வளைவில் நின்று, போகிற வருகிற வண்டியையெல்லாம் எட்டி எட்டிப் பார்க்கும். தன்னை விட்டுப் போன வண்டி திரும்பி வந்துவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் நம்பும்.

இரண்டு மாசம். அதுதான் அவளுக்குக் கெடு.

2

கால்நடை மருத்துவர் கமர்ஜஹான் தோலைச் சுரண்டி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தார்.

"சொறிப்பூச்சி இல்லைம்மா. யாருக்கும் ஒட்டாது. இது தீனி ஒத்துக்காம வர்றது. என்ன குடுக்கறீங்க?"

"பாலுஞ்சோறுந்தான் மேடம், வேறெதும் இல்ல."

டாக்டர் நாயின் வயிற்றைப் பார்த்தார், அன்புக்கரசியைப் பார்த்தார். "இது பாலுஞ்சோறு தின்ன வயிறா?"

பிறகு விவரமாகச் சொன்னார். இதுவரை இது தின்றே இராத ஒரு கறி, தின்றே இராத ஒரு மாவுப்பொருள். எட்டு வாரத்துக்கு அது இரண்டும்தான். கூட மீனெண்ணெய் மாத்திரை தினம் ஒன்று. வேறு ஒரு துண்டு உள்ளே போனாலும் பட்ட பாடெல்லாம் வீண். தேறிய பிறகு பழைய தீனியை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால் எது ஆகாது என்று தெரியும்.

அன்புக்கரசியின் முகம் பளிச்சென்று ஆனது.

"எங்க மில்லுலயும் இதான் மேடம்! நூல்ல பழுது வந்தா எந்த மெஷின்னு தெரியாது. எல்லாத்தையும் நிறுத்திப்புட்டு ஒண்ணொண்ணா ஓட விட்டுப் பாப்போம்."

"அடடே! இதப் புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க" என்று டாக்டர் சிரித்தார்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் செவலைக்குப் பின்னாலேயே நடந்தாள். காலை ஏழு மணியிலிருந்து. நாய் தெரு பூராவும் சுற்றி ஆறு இடத்தில் தின்றது. ஆறு இடத்திலும் ஆறு பெயர்.

பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாள் வைத்த பெயர் ராசு. கோழிக்கால், போதாததற்கு மகள் பிள்ளை உண்டாகியிருந்தபோது வாங்கி மீந்த இரும்புச்சத்து மாத்திரை. ("முடி கொட்டுதுன்னா ரத்தம் கம்மிடி, எனக்குத் தெரியாதா?") முக்கு டீக்கடை அந்தோணிராஜுக்கு அது டைகர், காலையில் ஒரு பன். பிரியாணிக் கடைப் பின்வாசலில் அதன் பெயர் மணி, நெய் வழிய எலும்பும் சோறும். மெக்கானிக் ஷெட்டில் ப்ளாக்கி. செவலை நிறத்து நாய்க்குப் ப்ளாக்கி! அவர்கள் சொறிக்கு மருந்தென்று பழைய இன்ஜின் ஆயிலைத் தடவிவிட, அதையும் நக்கித் தின்றது.

மத்தியானம் மலைச்சாமி வீட்டுப் பின்பக்கம். அங்கே அதன் பெயர் "சீ, நாயே". ஆனால் சீ நாயே என்று சொல்லிக்கொண்டே ஆட்டெலும்பை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார் மனுஷன்.

"நீங்களுமாண்ணே?"

"அட, வீசத்தான போறோம்..." என்று இழுத்தார்.

(அந்தக் காம்பவுண்டின் மாடியில் ஒரு ஆள் குடியிருக்கிறார். ஏதோ எழுதுவார் என்று கேள்வி. அன்புக்கரசி அவரிடமும் கேட்டாள்: "சார், நீங்க எதும் குடுக்கறதில்லையே?" "சேச்சே, நான் டீயோட சரிம்மா" என்றார். இந்தக் கதையில் அவருக்கு வேலையில்லை.)

4

மில்லில் மெஷினை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. தெருவுக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது?

அன்புக்கரசி ஓர் அட்டையில் கட்டம் போட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். இடத்துக்கு ஒரு வரிசை. மேலே கொட்டை எழுத்தில்: செவலைக்கு யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம். வீடு வீடாகப் போனாள், கடை கடையாகப் போனாள். அந்தோணிராஜும் மலைச்சாமியும் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஷெட்டில் ஆயில் டப்பாவைப் பூட்டி வைத்தார்கள். பிரியாணிக் கடை மாஸ்டர்தான், "நம்ம கடைச் சோத்தையா நாய்க்கு ஆகாதுங்கற?" என்று கோபித்துக்கொண்டு இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

சுந்தரம்மாளிடம்தான் நிஜமான சிக்கல். தேய்பிறை அஷ்டமிதோறும் பைரவருக்கு வேண்டி நாய்க்கு வடையும் தயிர்சோறும் வைப்பவர். மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதிலிருந்து ஒரு அஷ்டமி விட்டதில்லை.

"சாமிக்கு நேந்ததை எப்படிடி நிறுத்துறது?"

"நிறுத்த வேணாங்க்கா. மாத்துங்க. சீனிக்கெழங்கு அவிச்சு வைங்க. அதுதான் அது தின்னாத பொருளு."

சுந்தரம்மாள் செத்த நேரம் கண்ணை மூடி நின்றார். யோசித்தாரா, பைரவரிடம் உத்தரவு கேட்டாரா, தெரியாது. "உப்புப் போடலாமா?" என்றார்.

"போடக் கூடாதுக்கா."

"சரி விடு. அவருக்கும் ஒடம்புக்கு ஆகும்."

அன்றிலிருந்து செவலைக்கு முள்ளெடுத்த ஜிலேபி மீனும் அவித்த சீனிக்கிழங்கும்தான். கிழங்குக்குச் சீசன் இல்லை. காந்தி மார்க்கெட்டில் தேடித் தேடி வாங்கி வந்தவர் சுந்தரம்மாள்தான். முதல் வாரம் செவலை தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, என்ன இது கொடுமை என்பதுபோல் அவளைப் பார்த்தது. இரண்டாம் வாரம் சொறிவது பாதியானது. மூன்றாம் வாரம் காது ஆறியது. நாலாம் வாரம் ஒரு காலையில், முதுகில் கைவைத்த அன்புக்கரசிக்கு விரல் நுனியில் என்னவோ குறுகுறுத்தது.

வந்தது ஐயா, வந்தது! பூனைமுடி மாதிரி மெலிசாக, செம்மண் நிறத்தில்! "அக்கா, ஓடியாங்கக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் காம்பவுண்டே வாசலுக்கு வந்தது. சுந்தரம்மாள் தடவிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்கு அடுத்த வாரம்

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

5

ஐந்தாம் வாரம் காது மறுபடி சிவந்தது. முளைத்த முடி தரையில் உதிர்ந்தது.

அன்புக்கரசி அட்டைக்கு முன்னால் நின்று விரல் வைத்துப் பார்த்தாள். நிறுத்தின மெஷின் ஏதோ ஒன்று ஓடுகிறது. எது? அந்த வாரத்தில்தான் தேய்பிறை அஷ்டமி வந்தது. விரல் சுந்தரம்மாள் வரிசையில் போய் நின்றது.

"வடை வெச்சீங்களாக்கா?"

"சத்தியமா கெழங்குதாண்டி வெச்சேன்."

"பெறகு எப்படிக்கா காது செவக்கும்? இன்னும் நாலு வாரந்தான் இருக்கு. ஒங்க வேண்டுதலுக்கு இந்த வாயில்லா ஜீவனை மலையேத்தி விட்றாதீங்க!"

சுந்தரம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது. அன்புக்கரசியின் வாசலில் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை ஒரு பை சீனிக்கிழங்கு இருக்கும். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் படியில்* சுந்தரம்மாள்தான் குற்றவாளி என்று எழுதியிருந்தேன். பக்தி, பிடிவாதம், ஒளித்து வைத்த உளுந்து வடை. கச்சிதமாகப் பொருந்தியது. அந்தப் பையைப் பற்றி எழுதும்போதுதான் பேனா நின்றது. ஒளித்து வடை போடுகிறவள் எதற்குக் கிழங்கு தேடி அலைகிறாள்?

* எழுத்துப் படியைச் சொல்கிறேன். மாடிப்படியைப் பற்றிப் பிறகு.

6

இனி சந்தோஷமான பகுதி. இதற்காகத்தான் பொறுத்திருந்தேன்.

ஆறு, ஏழு, எட்டு. செவலைக்கு மறுபடி முடி வந்தது. இந்தத் தடவை நின்றது. ஆனி பிறக்க மூன்று நாள் இருக்கையில், செவ்வாய்க்கிழமை, மலைச்சாமி வண்டியைக் காம்பவுண்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கையில் கயிறோடு வந்தார். யாவாரம் மும்முரமாக இருந்ததால் அந்தப் பக்கமே அவர் ஒரு மாசமாக எட்டிப் பார்க்கவில்லை.

"எங்கம்மா அந்தச் சொறிநாயி?"

மலைச்சாமியின் வேட்டியை ஒரு நாய் முகர்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"அட, இது யாரு வீட்டு நாயி? சோக்கா இருக்கே! கோம்பை ஜாதியா?"

அன்புக்கரசி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். இரண்டு மாசம் பட்ட பாட்டுக்கு அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் ஆசை தீர அனுபவித்தாள்.

"நீங்க 'சீ நாயே'ன்னு எலும்பு போட்ட நாயிதாண்ணே" என்றாள்.

அந்தோணிராஜ் விசில் அடித்தார். மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்தார். அன்புக்கரசி செவலையின் முதுகிலிருந்து ஒரே ஒரு முடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெயிலில் செம்புக் கம்பி போல் மின்னியது. இழுத்தாள். அறவில்லை. இன்னும் இழுத்தாள். ஊகூம்!

மலைச்சாமி கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். தன் முன்மண்டையைத் தடவியபடி மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த மீனெண்ணெ மாத்திர... மனுசருக்கும் கேக்குமா?"

தெருவே சிரித்தது. சுந்தரம்மாள் வீட்டு ஜன்னல் மட்டும் பாதி திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

7

முடிவுக்கு மூன்று வழி வைத்திருந்தேன்.

அ) சுந்தரம்மாள் வெளியே ஓடிவந்து அன்புக்கரசியைக் கட்டிக்கொள்கிறார். (நடக்கவில்லை.)

ஆ) பிரியாணி மாஸ்டர்தான் குற்றவாளி என்று தெரிகிறது. (பாவம், அவர் பாட்டுக்கு ஒழுங்காக இருந்தார்.)

இ) யார் என்று கடைசிவரை தெரிவதேயில்லை. வாழ்க்கையே இப்படித்தான் என்று ஒரு பத்தி. (எனக்கு வசதியான முடிவு இதுதான்.)

மூன்றாவதையே வைத்துக்கொள்வதாக இருந்தேன். அதற்குள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தேன். மில் சமாசாரம் சரியாக இருக்கிறதா பாரும்மா என்று, ஆறாம் பகுதிவரை எழுதியதை அன்புக்கரசியிடம் கொடுத்தேன். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து தாள்களோடு மாடியேறி வந்தாள்.

"கதை நல்லாருக்கு சார். ஒரு எடத்துலதான் பழுது."

"எங்கம்மா?"

"செவல ஆறு எடத்துல தின்னுச்சுன்னு எழுதிருக்கீங்க. எண்ணிப் பாத்தேன், அஞ்சுதான் வருது. என் அட்டையிலயும் அஞ்சு வரிசதான். ஆறாவது எடம் எது சார்?"

பன்னிரண்டு வருஷமாகப் பழுது பிடிக்கிறவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன் பாருங்கள்.

ஆமாம். மாடியில் குடியிருக்கும் அந்த ஆள் நான்தான். எழுதியதைச் சத்தமாக வாசித்தால் செவலை மூன்றாவது படியில் உட்கார்ந்து கேட்கும். தினம் ஒரு வர்க்கி பிஸ்கட்டை டீயில் நனைத்துப் போடுவேன். அட்டை ஒட்டியதும் நிறுத்தினேன், சத்தியமாக நிறுத்தினேன். நாலு வாரம் அது மேலே வரவில்லை. வெறும் படிக்கு வாசித்தேன். ஐந்தாம் வாரம் பொறுக்க மாட்டாமல் "ச்சூ ச்சூ" என்று கூப்பிட்டு, ஆறு நாளில் ஆறு வர்க்கி. கீழே சண்டை நடந்தபோது என் கையில் ஆறாவது வர்க்கியின் மிச்சம் இருந்தது. அதோடு வர்க்கியை நிறுத்தினேன், ஆனால் இறங்கிப் போய்ச் சொல்லவில்லை.

இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். அவள் கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"அந்த வாரம் எனக்குச் சோறு எறங்கல சார். எதுக்குப் போட்டீங்க?"

"வர்க்கி இல்லேன்னா அது வராதுன்னு நெனச்சேன்மா."

"படிச்சவங்க பண்ற காரியமா இது?" தாள்களை மேஜையில் வைத்தாள். "கதைக்கு முடிவெல்லாம் அப்பறம் எழுதலாம். மொதல்ல போயி சுந்தரம்மாக்காகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்ன பெறகு நானும் வாரேன். அவங்க கால்ல விழ வேண்டியவ நானும்தான்."

8

எனவே முடிவு இன்னும் எழுதப்படவில்லை. இதோ செருப்பை மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது படியில் செவலை படுத்திருக்கிறது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "ஒண்ணுமில்லடா, பாரு." முகர்ந்து பார்த்தது. எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. ஒரு முடிகூட உதிரவில்லை. நான் இறங்க இறங்க என் பின்னாலேயே இறங்கி வந்தது. வெறுங்கைக்கு! எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! இத்தனை வருஷ எழுத்தில் இப்படி ஒரு வெற்றி எனக்குக் கிடைத்ததில்லை.

சுந்தரம்மாள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். உள்ளே காலடிச் சத்தம் கேட்கிறது. செவலை வாலை ஆட்டுகிறது, பின்னால் தன் வாசலில் அன்புக்கரசி நிற்கிறாள்.

கதவு திறந்ததும் அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். திட்டினார் என்றாலும் சரி, உள்ளே கூப்பிட்டார் என்றாலும் சரி, எனக்குச் சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் முடிவில் எம்புட்டுச் சந்தோஷம் வந்தாலும் சரி, செவலைக்கு மட்டும் எதையும் போட்டுவிடாதீர்கள்.