ராணியின் சன்னல்

"பிள்ளை யாரு ஜாடை, மச்சான்?"

"எல்லாம் நல்லபடியா முடிச்சுட்டேன் ஷமா. நீ கஞ்சியக் குடி."

"எந்தப் பக்கம் வச்சீங்க?"

"பொம்பளைங்களுக்கு அது எதுக்கு?"

பதினாலு மாதங்களுக்கு முன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்த பேச்சு. ஷமாவுக்கு மயக்கம் தெளிவதற்குள், கால் மணி நேரமே உயிரோடிருந்த குழந்தையைக் கபர்ஸ்தானில் அடக்கிவிட்டு வந்திருந்தான் நியாஸ். அவர்கள் ஜமாத்தில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. பச்சைக்குழந்தையின் கபருக்குக் கல் வைப்பதும் இல்லை. இடம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வியாழக்கிழமை அவன் ஷார்ஜாவுக்குப் போகிறான். திரும்ப இரண்டு வருடமாகும். அவள் கேட்க நினைத்ததைக் கேட்க இன்னும் நான்கே நாள்.

போகுமுன் அவளை எங்காவது கூட்டிப்போனால் மனசு மாறும் என்று நினைத்தான். எரியோட்டுக்கு அப்பால் இருக்கும் ஜமீன் அரண்மனையின் படத்தை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். படத்தில் அழகாக இருந்தது.

நேரில், வாசல் வளைவு மட்டும்தான் முழுசாக நின்றது. தர்பார் மண்டபத்தின் கூரை விழுந்து, அதற்குள் சீமைக் கருவேலம் தழைத்திருந்தது. வௌவால் எச்சத்தின் நெடி குமட்டியது. சுவரெல்லாம் கரியால் எழுதிய காதலர் பெயர்கள்.

"நம்ம பேரையும் எழுதிருவோமா?"

"எழுதுங்க. அந்த ஆடு வந்து உரசி அழிச்சுரும்."

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிவனம்மாள் அதைக் கேட்டுச் சிரித்தாள். "போட்டோ எடுக்க வந்தீகளா? சுவத்துல சாயாதீக. தலையில விழுந்தா என்னையக் கேக்கக் கூடாது."

பின்கட்டு முற்றத்தில் ஒரு குழி திறந்து கிடந்தது. முழங்கால் ஆழம். உள்ளே உடைந்த செங்கல், பிளாஸ்டிக் டம்ளர்.

"இது என்னக்கா?" என்றாள் ஷமா.

"ராணியோட செத்த பிள்ளையப் பானையில வச்சுப் பொதைச்ச எடம்மா. தோட்டத்துக்குக் கொண்டு போக விடலையாம் அந்தம்மா. சன்னல்ல இருந்து பாக்கணும், இங்கனயே வைங்கன்னு ஒத்தக்கால்ல நின்னுச்சாம். போன வருசம் எவனோ பொதையலுன்னு தோண்டிப்புட்டான். ஒரு பானை. அம்புட்டுத்தான். அதையும் ஒடச்சுப் போட்டுட்டுப் போயிட்டான்."

நியாஸின் முகம் கறுத்தது. "சும்மா கத விடாதீக. ஷமா, வா போவோம்."

ஷமா அங்கே இல்லை. முற்றத்தை ஒட்டிய பாதி இடிந்த படிகளில் மேலே ஏறியிருந்தாள். கதவில்லாத சன்னலில் நின்று பார்த்தாள். குழி இருந்த இடம் அங்கிருந்து நேராகத் தெரிந்தது. ஓரத்தில் நியாஸ்.

"இறங்கு. சுவரு ஆடுது."

"மச்சான்."

"கீழ வந்து பேசு."

"கீழ வந்தா பேச மாட்டேன்."

சிவனம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வாசல் பக்கம் போனாள். நியாஸ் குழியைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

"பிள்ளை எப்படி இருந்துச்சுன்னு சொல்ல வேணாம்," என்றாள் ஷமா. "நான் கபர்ஸ்தானுக்குள்ள வரலை. ஜமாத்துல யாரும் ஒரு வார்த்தை சொல்லாத மாதிரி ரோட்டுலயே நிக்கிறேன். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ, நீங்க உள்ள போயி நம்ம பிள்ளை பக்கத்துல நில்லுங்க மச்சான். நீங்க நிக்கிற எடத்த நான் பாத்து வச்சுக்கிறேன்."